சுழற்சித் திண்மங்களும் இப்னுல் ஹைதமும்

மேனிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கணிதம் பயிலும் நம் பிள்ளைகளின் ஏடுகளில் ஒருவகைக் கணக்கு தவறாமல் இடம்பெறும். ஒரு வளைகோடு தரப்படும். அதனை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உண்டாகும் திண்மத்தின் கன அளவு யாது எனக் கேட்கப்படும். சில வேளைகளில் அந்தக் கணக்கு நேரே தீர்வதில்லை. பின்னம் ஒன்று வழிமறித்து நிற்கும். அப்போது அதனைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தொகையிட்டு, விடைகளை ஒன்று சேர்க்க வேண்டும். மாணவர் இம்முறையை மனனம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், பின்னர் மறந்தும் விடுகிறார். அந்த ஒரு பக்கக் கணக்கினுள் சிராக்கூஸ், பக்தாது, கெய்ரோ, லின்ஸ், ஹனோவர் எனப் பல நகரங்களின் அறிவுழைப்பு அடங்கிக் கிடப்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இவ்வரலாற்றை ஈண்டு நாம் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் மேடைகளில், "நுண்கணிதத்தைக் கண்டவர்கள் முஸ்லிம்களே, ஐரோப்பியர் அதனைக் களவாடிக் கொண்டனர்" என்னும் முழக்கம் அவ்வப்போது எழுவதுண்டு. கைதட்டலும் கிடைக்கும். பாடநூல்களைப் புரட்டினாலோ, நியூட்டன், லைப்னிட்ஸ் ஆகிய இருவருக்கு முன்னர் உலகில் எவருமே இத்துறையில் சிந்திக்கவில்லை என்னும் எண்ணமே மேலோங்கும். இவ்விரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. மிகையாகச் சொல்வதும் முன்னோருக்குச் செய்யும் அநீதியே. குறைத்துச் சொல்வதும் அநீதியே. உள்ளதை உள்ளபடி அறிவதே அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை.

சுழற்சித் திண்மம் என்பது யாது?

குயவர் சக்கரத்தை நாம் கண்டிருக்கிறோம். சுழலும் களிமண்ணின் பக்கத்தில் குயவரின் விரல் எந்த வளைவில் நிற்கிறதோ, அந்த வளைவே பானையின் வடிவாகிறது. கடைசல் பட்டறையில் உருளும் கட்டிலின் காலும் அவ்வாறே உருப்பெறுகிறது. ஒரு கோட்டை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் இத்தகைய உருவங்களையே சுழற்சித் திண்மங்கள் என்கிறோம். இவற்றின் சிறப்பு என்னவெனில், அச்சுக்குக் குறுக்கே எவ்விடத்தில் வெட்டினாலும் வெட்டுமுகம் வட்டமாகவே இருக்கும். ஆகவே, பல்வேறு அளவுள்ள நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, மெல்லிய வட்டத் தகடுகளின் அடுக்காக அத்திண்மத்தைக் கருதலாம். ஒவ்வொரு தகட்டின் கன அளவையும் கண்டு கூட்டினால் முழுமையின் அளவு கிட்டிவிடும். வெட்டுதல், அளத்தல், கூட்டுதல் ஆகிய இம்மூன்றே இக்கலையின் உயிர்.

ஆயினும் தகட்டின் விளிம்பு செங்குத்தானது. திண்மத்தின் விளிம்போ சரிவானது. எத்துணை மெல்லிய தகடாயினும் சிறிதளவு மிகும், அல்லது குறையும். அந்தப் பிழையை எவ்வாறு அகற்றுவது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே தொகை நுண்கணிதத்தின் வரலாறு.

கிரேக்கரும் பக்தாதும்

கி.மு. 212இல் மறைந்த சிராக்கூஸ் அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இதில் முதல் வெற்றியைக் கண்டார். வில்போல் வளைந்த பரவளையம் ஒன்றை எண்ணிக் கொள்வோம். அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை நாண் என்போம். வளைவின் உச்சியிலிருந்து நாணின் நடுப்புள்ளிக்கு வரும் கோடு அச்சு. அந்த அச்சைச் சுற்றிப் பரவளையத்தைச் சுழற்றினால் கிண்ணம் போன்ற திண்மம் உண்டாகும். அதனைச் சரியாக உள்ளடக்கும் உருளையின் கன அளவில் நேர்பாதியே அக்கிண்ணத்தின் கன அளவு என ஆர்க்கிமிடீஸ் நிறுவினார்.

அந்த நிறுவல் அடங்கிய அவருடைய நூல் அரபு மொழிக்கு வந்து சேரவில்லை. கோளமும் உருளையும் பற்றிய நூலும், வட்டத்தை அளத்தல் பற்றிய நூலும் வந்தன. கிண்ண வடிவத் திண்மங்களைப் பற்றிய நூல் வரவில்லை. ஆகவே, பக்தாதின் அறிஞர்கள் அவ்வழியைத் தாமே மீண்டும் காண வேண்டியவர்களாயினர்.

அப்பணியை முதலில் மேற்கொண்டவர் தாபித் இப்னு குர்ரா. ஹர்ரான் நகரில் பிறந்த இவர், பனூ மூஸா எனப் புகழ்பெற்ற சகோதரர்களின் ஆதரவால் பக்தாதுக்கு வந்து, கி.பி. 901இல் (ஹி. 288) அங்கேயே மறைந்தார். இவர் முஸ்லிம் அல்லர். ஸாபிய சமயத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அறிவு எவரிடம் இருந்தாலும் அதற்கு அவையில் இடமளித்த காலம் அது. தாபித் பரவளையத் திண்மத்தை அளப்பதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட துணைத் தேற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். முடிவு சரியானது, பாதையோ நெடியது.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் அபூ ஸஹ்ல் அல்கூஹீ. தபரிஸ்தானைச் சேர்ந்த இவர், கி.பி. 988இல் புவைஹி மன்னர் ஷரஃபுத் தவ்லா பக்தாதில் அமைத்த வானோக்கு நிலையத்தின் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர். தாபித்தின் நூல் நீண்டு கிடப்பதைக் கண்ட இவர், மிகச் சில தேற்றங்களிலேயே அம்முடிவை எட்டிக் காட்டினார். ஆயினும் ஒரே வகைத் திண்மத்தோடு அவர் நின்றுவிட்டார்.

இப்னுல் ஹைதம் எடுத்த பணி

இவ்விருவர் நூல்களையும் தம்முன் வைத்துக்கொண்டு மூன்றாவது நூலை எழுதியவரே பேரறிஞர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம். கி.பி. 965ஆம் ஆண்டளவில் (ஹி. 354) பஸ்ராவில் பிறந்தவர், கி.பி. 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்தவர். ஒளியியலில் இவர் இயற்றிய 'கிதாபுல் மனாஸிர்' இவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. நைல் நதியைக் கட்டுப்படுத்தித் தருவதாக இவர் கூறியதும், அது இயலாதெனக் கண்டபின் ஃபாத்திமி மன்னர் அல்ஹாக்கிமின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்ததும், 1021இல் மன்னர் மறைந்தபின் வெளிவந்ததும் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ தரும் செய்திகள். அதன்பின் யூக்ளிடின் நூலையும் தாலமியின் வானநூலையும் படியெடுத்து விற்று, அந்த வருவாயில் அவர் எளிமையாக வாழ்ந்தார் என்றும் அவர் எழுதுகிறார்.

பரவளையத் திண்மத்தை அளத்தல் பற்றிய தம் நூலின் முகப்பில் இப்னுல் ஹைதம் முன்னோர் இருவரையும் நினைவுகூர்கிறார். தாபித்தின் வழி நீளமும் கடினமும் உடையது என்கிறார். அல்கூஹீயின் வழி சுருக்கமானது, ஆனால் ஒருவகையோடு நின்றுவிட்டது என்கிறார். முன்னோரைப் பெயர் சுட்டிக் கூறி, அவர்தம் பங்கை ஒப்புக்கொண்டு, குறையையும் மறைக்காமல் எடுத்துரைக்கும் இப்பண்பு நம் உள்ளத்தில் இருத்தத்தக்கது.

அவர் புதிதாக எடுத்துக்கொண்ட வினா இதுதான்: பரவளையத்தை அதன் அச்சைச் சுற்றிச் சுழற்றாமல், நாணைச் சுற்றிச் சுழற்றினால் என்னாகும்? கிண்ணம் வராது, இரு முனையும் கூர்மையாகி, நடு பருத்த, நூல் நூற்கும் கதிர் போன்ற உருவம் வரும். அதனை உள்ளடக்கும் உருளையோடு ஒப்பிட்டால் அதன் கன அளவு எத்தனை பங்கு?

இங்கேதான் உண்மையான இடர்ப்பாடு தோன்றுகிறது. பரவளையத்தில், நடுவிலிருந்து விலக விலக, உயரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. வட்டத் தகட்டின் பரப்போ அந்த உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. இருமடிக்கும் இருமடி நான்மடி அன்றோ? ஆகவே 1, 16, 81, 256 என வரும் நான்மடி எண்களின் கூட்டுத்தொகை தெரிந்தாலன்றி இக்கணக்கு நகராது. எண்களின் கூட்டுத்தொகையும், இருமடிகளின் கூட்டுத்தொகையும், மும்மடிகளின் கூட்டுத்தொகையும் முன்பே அறியப்பட்டிருந்தன. இப்னுல் ஹைதம் செவ்வகங்களை அடுக்கிக் காட்டும் அழகிய உபாயம் ஒன்றால், ஒருமடியின் தொகையிலிருந்து இருமடிக்கும், அதிலிருந்து மும்மடிக்கும், அதிலிருந்து நான்மடிக்கும் ஏறிச் சென்றார்.

அவர் கண்ட விதியைச் சொற்களில் கூறுவோம். கடைசி எண்ணுடன் ஒன்றைக் கூட்டி ஐந்தால் வகுக்க வேண்டும். அதனைக் கடைசி எண்ணால் பெருக்க வேண்டும். பின் கடைசி எண்ணுடன் அரையைக் கூட்டி அதனாலும் பெருக்க வேண்டும். இறுதியாக, கடைசி எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கி, மூன்றில் ஒன்றைக் கழித்து, அதனாலும் பெருக்க வேண்டும். கடைசி எண் 3 எனக் கொள்வோம். 4/5, 3, 3½, 11⅔ ஆகியவற்றைப் பெருக்கினால் 98 வருகிறது. 1, 16, 81 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 98தான். நம் பிள்ளைகள் வேறு எண்களை இட்டுச் சரிபார்க்கட்டும்.

இவ்விதியைக் கையில் கொண்டு அவர் திண்மத்தைத் தகடுகளாக வெட்டினார். ஒவ்வோர் இடத்திலும் திண்மத்தின் உள்ளே அடங்கும் சிறிய தகடு ஒன்றும், வெளியே சூழும் பெரிய தகடு ஒன்றும் அமைகின்றன. நடுவிலிருந்து ஒரு முனைவரை பத்துத் தகடுகளாக வெட்டினால், உள்தகடுகளின் தொகை உருளையில் 0.4833 பங்கு, வெளித்தகடுகளின் தொகை 0.5833 பங்கு. நூறு தகடுகளாக வெட்டினால் அவை 0.5283, 0.5383 என நெருங்கி வருகின்றன. இத்தசம எண்கள் நம் வசதிக்காக நாம் இட்டவை, முறை அவருடையது. உள்தொகைக்கும் வெளித்தொகைக்கும் இடையே உள்ள வேறுபாடு எப்போதும் உருளையின் ஒரே ஒரு தகட்டின் அளவுதான். தகட்டை வேண்டிய அளவு மெலிதாக்கலாம். ஆகவே வேறுபாட்டையும் வேண்டிய அளவு குறைக்கலாம். உருளையில் பதினைந்தில் எட்டுப் பங்கைவிடத் திண்மம் பெரிது என்றாலும் முரண்பாடு வருகிறது. சிறிது என்றாலும் முரண்பாடு வருகிறது. எனவே அது பதினைந்தில் எட்டுப் பங்கேயாகும், அதாவது 0.5333 என முடித்தார். இன்றைய மாணவர் தொகையீட்டுக் குறியிட்டு மூன்று வரிகளில் பெறும் விடையும் இதுவே.

இது நுண்கணிதமா?

இவ்வினாவுக்கு நிதானமாக விடையிறுக்க வேண்டும். வெட்டிக் கூட்டி, பிழையை இரு புறமும் நெருக்கி, உண்மையைச் சிறைப்படுத்தும் சிந்தனை தொகை நுண்கணிதத்தின் உயிர்நாடி. அது இப்னுல் ஹைதமிடம் முழுமையாக உண்டு. அவருடைய படியேறும் உபாயம் நான்மடிக்கு அப்பாலும் செல்லவல்லது. ஆயினும் எல்லா வளைகோடுகளுக்கும் பொருந்தும் பொதுவிதி ஒன்றை அவர் தேடவில்லை. தமக்கு வேண்டிய திண்மம் அளக்கப்பட்டதும் அவ்விடத்தில் நின்றார். பரப்பைக் காண்பதும் தொடுகோட்டைக் காண்பதும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல்கள் என்னும் உண்மை நியூட்டன், லைப்னிட்ஸ் காலத்தில்தான் முறையான கணிதமாக வடிவம் பெற்றது. அந்த இணைப்பே நுண்கணிதத்தைத் தனித்துறையாக்கியது.

களவு என்னும் குற்றச்சாட்டும் நிற்காது. இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பெரிதும் பயிலப்பட்டது. ஆனால் இத்திண்ம நூல் அக்காலத்தில் பெயர்க்கப்படவில்லை. ஐரோப்பியர் தம் வழியைத் தாமே கண்டனர். 1613இல் லின்ஸ் நகரில் தம் திருமணத்துக்கென வாங்கிய மதுப் பீப்பாய்களை வணிகர் ஒரு கோலை நுழைத்து அளப்பதைக் கண்டு ஐயுற்ற கெப்ளர், 1615இல் பீப்பாய்களின் கன அளவு பற்றிய நூலை வெளியிட்டார். இத்தாலியரான கவலியேரி 1647இல் வெளியிட்ட நூலில் ஒன்பதாம் மடிவரை சென்றார். இடைக்காலத்தில் நம் அண்டை மண்ணாகிய கேரளத்தில், 1530ஆம் ஆண்டளவில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷா' எம்மடிக்கும் பொருந்தும் கூட்டல் விதியை விளக்கியது. கெய்ரோவுக்கும் கேரளத்துக்கும் வணிகக் கப்பல்கள் ஓடின. அதனாலேயே கணிதமும் கப்பலேறியது எனச் சான்றின்றிக் கூறல் முறையன்று. ஒரே மலையின் உச்சியைப் பல பக்கங்களிலிருந்தும் மனிதர் ஏறி அடைவதுண்டு.

பின்னம் வழிமறித்தபோது

மடிகளைக் கூட்டும் வழி எத்துணை வலியதாயினும் அதற்கோர் எல்லை உண்டு. ஓர் எண்ணை 'க' எனக் கொள்வோம். க, க இருமடி, க மும்மடி என வருவனவற்றை அவ்வழியால் அளக்கலாம். 1/க எனத் தலைகீழாக வந்தால் அவ்வழி அடைபட்டுவிடும். இப்பூட்டுக்குச் சாவி 1614இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கைகளில் இருந்தது. 1/க என்னும் வளைகோட்டின் கீழ் அமையும் பரப்பு மடக்கையைப் போல வளர்கிறது என்பது 1647, 1649 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நூல்களால் புலனாயிற்று.

இனி, ஒரு திண்மத்தின் வட்ட முகத்தினது ஆரத்தின் இருமடி 1/(க × (க+1)) என அமைந்தால் என் செய்வது? இங்குதான் பகுதிப் பின்னம் துணைக்கு வருகிறது. இதனை விளங்கிக்கொள்ள நம் குடும்பங்களில் நன்கு அறியப்பட்ட ஃபராயிள் கணக்கை எடுத்துக் கொள்வோம். ஒருவர் மனைவியையும் தாயையும் மகனையும் விட்டு மறைந்தால், மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. இரண்டையும் சேர்த்தால் 7/24; எஞ்சிய 17/24 மகனுக்கு. 7/24 என்பதை மட்டும் பார்ப்பவருக்கு அதனுள் இருவர் உரிமை ஒளிந்திருப்பது தெரியாது. சேர்த்ததைத் திரும்பப் பிரித்து, உள்ளிருக்கும் எளிய பங்குகளை வெளிக்கொணர்வதே பகுதிப் பின்ன முறை. அல்குவாரிஸ்மீ தம் இயற்கணித நூலின் பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கு ஒதுக்கியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1/(க × (க+1)) என்பது 1/க − 1/(க+1) என்பதற்குச் சமம். க இரண்டாயின் 1/6 என்பது 1/2 − 1/3. க மூன்றாயின் 1/12 என்பது 1/3 − 1/4. பூட்டிக் கிடந்த பின்னம் இரு எளிய பின்னங்களாகிவிட்டது; இரண்டும் மடக்கைக்கு அடங்குபவை. அச்சில் 1 முதல் 3 வரை முதற்பின்னத்தின் தொகை 3இன் இயல் மடக்கை. இரண்டாவதன் தொகை 2இன் இயல் மடக்கை. கழித்தால் 3/2இன் இயல் மடக்கை. அதனை வட்டத்துக்குரிய 'பை'யால் பெருக்கினால் கன அளவு ஏறத்தாழ 1.27 ஆகும். இத்திண்மத்தை முடிவின்றி நீட்டினாலும் அதன் கன அளவு ஏறத்தாழ 2.18ஐத் தாண்டாது. முடிவற்ற நீளமுள்ள கொம்புக்கும் முடிவுள்ள கன அளவு இருக்கக்கூடும் என்பதை, 1/க என்னும் வளைகோட்டைச் சுழற்றி 1641இல் முதன்முதலாகக் கண்டவர் டாரிசெல்லி. அறிஞர் உலகம் அன்று வியப்பில் ஆழ்ந்தது.

பகுதிப் பின்னங்களைத் தொகையிடலுக்கு முறையாகப் பயன்படுத்தும் வழியை 1702இல் லைப்னிட்ஸும் யோஹான் பெர்னூலியும் வெளியிட்டனர். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஓர் எண்ணின் நான்மடியோடு மற்றொன்றின் நான்மடியைக் கூட்டி வரும் கோவையை மெய்யெண் காரணிகளாகப் பிரிக்க இயலாது என லைப்னிட்ஸ் அப்போது கருதினார். அது இயலும் என 1719இல் நிக்கோலஸ் பெர்னூலி காட்டினார். 1748இல் வெளிவந்த ஆய்லரின் நூல் இம்முறையை விரிவாக விளக்கியது. இன்று நம் பிள்ளைகள் பயிலும் பாடம் அதன் வழிவந்ததே.

நாம் செய்ய வேண்டுவது

இப்னுல் ஹைதமின் திண்ம நூலை இருபதாம் நூற்றாண்டில் உலகறியச் செய்தவர் யார்? சுவிட்சர்லாந்து அறிஞர் ஹைன்ரிக் சூட்டர். 1912ஆம் ஆண்டை ஒட்டி அதனை அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதன் கையெழுத்துப் படி லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்தில் இருந்தது. 1990களில் ருஷ்தீ ராஷித், தாபித் முதல் இப்னுல் ஹைதம் வரையிலான இந்நூல்களை அரபு மூலத்துடனும் பிரெஞ்சுப் பெயர்ப்புடனும் வெளியிட்டார். இருவரிடமும் அரபும் இருந்தது, கணிதமும் இருந்தது.

நம் நிலை என்ன? அரபு கற்றவர் மதரஸாவில் இருக்கிறார். அவருக்குக் கணிதம் தெரியாது. கணிதம் கற்றவர் கல்லூரியில் இருக்கிறார். அவருக்கு அரபு தெரியாது. இப்னுல் ஹைதமிடம் ஒன்றாக இருந்த இரு அறிவுகளும் நம்மிடையே பாகம் பிரிந்து, வேறு வேறு வீடுகளில் குடியிருக்கின்றன. இந்நிலையில் மேடையில் முழங்குவதால் முன்னோரின் ஏடு ஒன்றேனும் திறக்கப்படுமா? திறக்கப்படாது. இரண்டையும் ஒருங்கே கற்ற பிள்ளைகள் நம் ஊருக்கு இருவர் தோன்றினாலும் போதும்.

வரலாற்றில் உரிமை கோருவதற்கும் அவ்வறிஞரின் முறையையே நாம் கைக்கொள்ளலாம். அவர் ஒருபுறம் உள்ளே அடங்குவதை வைத்தார். மறுபுறம் வெளியே மிகுவதை வைத்தார். இரண்டையும் நெருக்கி உண்மையைக் கண்டார். நான்மடிகளின் கூட்டுத்தொகையைக் கண்டு, அதனால் ஒரு திண்மத்தைப் பிழையற அளந்தார் இப்னுல் ஹைதம் என்பது உண்மை. அதற்குக் குறைவாகச் சொல்வது வஞ்சனை. கூடுதலாகச் சொல்வது அவருக்குத் தேவையில்லாத அணிகலன். பரவளையத்தைச் சுழற்றும் கணக்கு நம் வீட்டுப் பிள்ளையின் ஏட்டில் வரும்போது, பதினைந்தில் எட்டு என்னும் அந்த விடையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் ஒருவர் எவ்வாறு பெற்றார் என்பதையும் அப்பிள்ளைக்குச் சேர்த்துச் சொல்லுவோமாக.